கறுப்பு வளையம்

"முட்டுதா?"

தென்காசியில் அந்த ஸ்கேன் மையத்தின் கூடத்தில் காலை ஒன்பது மணியிலிருந்து மதியம் வரை அதிகமாகக் காதில் விழும் சொல் இது. தண்ணீர்ப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். சிஸ்டர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போவார். "ரெண்டு பாட்டில் உள்ள போயிட்டும்மா, இன்னும் முட்டல" என்பார் கடையத்திலிருந்து வந்தவர். "எனக்கு உசுரு போகுது, மொதல்ல என்னைக் கூப்பிடுங்க" என்பார் செங்கோட்டைக்காரர். ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரல் ஐந்து கிலோமீட்டர் தாண்டி இங்கேயும் தூறிக்கொண்டிருக்கும். அந்தக் குளிர்ச்சியில் யாருக்கும் தாகம் எடுப்பதில்லை. சீசன் முடிகிறவரை வேலை இழுத்துக்கொண்டேதான் போகும்.

மூத்திரப்பை நிறைந்தால் குடலை மேலே ஒதுக்கிவிடும். ஒலி அலை தண்ணீரைக் கடந்து போகும். குடலில் இருக்கும் காற்றில் பட்டால் அப்படியே திரும்பி வந்துவிடும். அதனால் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் வயிற்றுக்கு மேலிருந்து பார்க்க, நிறைந்த மூத்திரப்பைதான் ஜன்னல். ஸ்கேன் டாக்டரம்மா (ஊரில் அவருக்கு அதுதான் பெயர்) 1997-இல் தென்காசியில் தொழில் தொடங்கியபோது அவரிடம் இருந்தது இந்த ஒரு ஜன்னல் மட்டுமே. நெல்லையில் எம்.பி.பி.எஸ்., மதுரையில் கதிரியல் மேற்படிப்பு, பாங்கிக் கடனில் ஒரு கறுப்பு வெள்ளை மெஷின். தென்காசி அப்போது தனி மாவட்டம்கூட இல்லை. அதற்கு 2019 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஸ்கேன் என்றால் பிள்ளைப்பேறு என்று ஊர் நினைத்திருந்த காலம் அது. ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் அந்தக் கூடத்தில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவர் கொண்டுவரும் சீட்டில் "வயிற்று வலி" என்று இரண்டே சொற்கள் இருக்கும். டாக்டரம்மா ஜெல்லைத் தடவி, புரோபை அடிவயிற்றில் வைத்துக்கொண்டே, சீட்டில் இல்லாத கேள்வியைக் கேட்பார்.

"தீட்டு நின்னு எத்தனை வருஷம் ஆச்சும்மா?"

"ஆறு வருஷம் இருக்கும்."

"அதுக்கப்புறம் எப்பவாவது பட்டுச்சா?"

இந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும். கூட வந்த மருமகளையோ மகனையோ வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கேட்டால்தான் பதில் வரும். "போன தையில ஒருக்க. பொறவு சித்திரையில." மகள் கல்யாணம் முடியட்டும் என்று இருந்தவர்கள் உண்டு. கோயில் கொடை முடியட்டும் என்று இருந்தவர்களும் உண்டு. ஒரு பெரியம்மா ரகசியம் சொல்கிற மாதிரி, "நான் திரும்ப வயசுக்கு வந்துட்டேன் போல டாக்டரு" என்று சிரித்தார். டாக்டரம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அளவுப் புள்ளிகளை நகர்த்தி கர்ப்பப்பையின் உள்வரிச் சவ்வை அளந்தார். 14 மில்லிமீட்டர். மாதவிலக்கு நின்றவருக்கு இரத்தம் பட்டு, அந்தச் சவ்வு 4 மில்லிமீட்டருக்குள் மெலிந்திருந்தால் உள்வரிப் புற்று இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அதற்கு மேல் போனால் ஒரு துளி சதை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். கர்ப்பப்பைப் புற்றில் ஸ்கேன் இவ்வளவு தெளிவாகக் கைகொடுக்கிற இடம் வேறு இல்லை என்பார் அவர். பெரியம்மாவுக்குச் சதைப் பரிசோதனையில் புற்று உறுதியானது. அது கர்ப்பப்பைக்குள்ளேயே இருந்த நேரம், அறுவையோடு முடிந்தது.

இனி வருவது அவர் அதிகம் வெளியே சொல்லாத கதை.

தொழிலுக்கு வந்து இரண்டு வருஷம் இருக்கும். நாற்பது சொச்சம் வயது, மூன்று பிள்ளைகளின் தாய். வெள்ளைப்படுதல், இடுப்பு வலி. ஸ்கேனில் கர்ப்பப்பை சாதாரணமாக இருந்தது. கர்ப்பப்பை வாய் மட்டும் கொஞ்சம் பருமனாகத் தெரிந்தது. புண் இருந்தாலும் பருமனாகும், சின்ன நீர்முத்துகள் இருந்தாலும் பருமனாகும், பல பிரசவம் பார்த்த உடம்பிலும் பருமனாகத்தான் இருக்கும். டாக்டரம்மா "கர்ப்பப்பை வாய் தடித்துள்ளது" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண்ணுக்குக் கணவரோடு சேர்ந்தால் இரத்தம் படுவதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்த வேறோர் ஊர் மருத்துவமனையில், "கர்ப்பப்பையை எடுத்துட்டா எல்லாத் தொந்தரவும் போயிடும்" என்று எடுத்துவிட்டார்கள். எடுத்த சதை ஆய்வுக்குப் போன பிறகுதான் தெரிந்தது, வாயில் இருந்தது பரவும் புற்று.

வாய்ப் புற்றுக்கு வெறுமனே கர்ப்பப்பையை மட்டும் அரிந்து எடுப்பது அரை வைத்தியத்தைவிட மோசம். இரு பக்கத்திலும் தாங்கிப் பிடிக்கும் திசுக்களோடும் நிணநீர்க் கணுக்களோடும் சேர்த்து எடுக்க வேண்டும். இல்லையென்றால் கத்தியே வைக்காமல் கதிர்வீச்சுக்குப் போக வேண்டும். இரண்டும் இல்லாமல் நடுவில் வெட்டியதால், உள்கதிர்வீச்சுக் குழாயை வைக்கும் கர்ப்பப்பையே அங்கே மிஞ்சவில்லை. அந்தப் பெண் ஒன்றரை வருஷம் இருந்தார்.

அறுத்தவர்கள்மேல் பழியைப் போட்டுவிட்டு அவர் நகர்ந்திருக்கலாம். "நான் எழுதினது பொய்யில்ல. ஆனா அந்த ரிப்போர்ட்டைப் படிக்கிறவங்களுக்கு அடுத்து என்ன செய்யணும்னு அதுல இல்ல" என்கிறார். அன்றிலிருந்து வாய் தடித்த ஒவ்வொரு ரிப்போர்ட்டின் அடியிலும் ஒரு வரி சேர்ந்துகொண்டது: கருவி வைத்துக் கண்ணால் பார்த்து, சதைப் பரிசோதனை செய்யாமல் அறுவைக்குப் போக வேண்டாம். ஆரம்பத்தில் அதற்காகக் கோபித்துக்கொண்டு நோயாளிகளை அனுப்புவதை நிறுத்திய கிளினிக்குகள் உண்டு.

ஸ்கேன் தொழிலில் இருக்கிறவர் சொல்வதால் இதை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றை முளையிலேயே பிடிக்க ஸ்கேன் உதவாது. அல்ட்ராசவுண்டில் தெரியாது, சி.டி.யில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யிலும் முளை தெரியாது. வேண்டியது ஒரு டார்ச் வெளிச்சம், ஒரு கருவி, வினிகரில் இருக்கிற அதே அசிட்டிக் அமிலம், பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ். அமிலத்தைத் தடவி ஒரு நிமிஷம் பொறுத்தால், கெட்டுப்போகத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். இதை உலகத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டிய இடம் நம் திண்டுக்கல் மாவட்டம். 2000 முதல் 2003 வரை கிராமம் கிராமமாகப் போய் 30 முதல் 59 வயது வரையுள்ள 31,000-க்கும் மேற்பட்ட பெண்களை நர்ஸுகள் பரிசோதித்தார்கள். பரிசோதனை நடந்த பகுதிகளில் வாய்ப் புற்றால் இறப்பது 35 சதவீதம் குறைந்ததை 2007-இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. அந்தக் கட்டுரையின் நகல் ஒன்று டாக்டரம்மாவின் மேசை இழுப்பறையில் இன்றும் இருக்கிறது. அப்படியிருந்தும் 2022-இல் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் வந்ததாகவும், 80,000 பேர் வரை இறந்ததாகவும் உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது.

சினைப்பை வேறு மாதிரி. அது உள்ளே ஒளிந்திருக்கிற உறுப்பு. கண்ணால் பார்க்க வழியே கிடையாது. அல்ட்ராசவுண்ட் மகளிர் மருத்துவத்துக்குள் வந்ததே ஒருவகையில் அதற்காகத்தான். 1955-இல் கிளாஸ்கோ பேராசிரியர் அயன் டொனால்ட், பாய்லர் தொழிற்சாலையில் தகட்டு விரிசலைக் கண்டுபிடிக்கும் மெஷினை அங்கேயே போய்ப் பரிசோதித்தார். காரில் அறுத்தெடுத்த கட்டிகளை ஏற்றிக்கொண்டு போனாராம். பிறகு வயிறு ஊதிய ஒரு பெண்; இரைப்பைப் புற்று, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிடப்பட்டவர். அவருக்கு இருந்தது சினைப்பையில் பெரிய நீர்க்கட்டி என்று அந்த ஒலி காட்டிக்கொடுத்தது. கட்டியை எடுத்தார்கள், அவர் பிழைத்தார். 1958-இல் அது கட்டுரையாக வந்தபோதுதான் மற்ற மருத்துவர்கள் அந்த மெஷினைத் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டரம்மாவுக்குத் தமிழ்மேல் இருக்கிற ஒரே வருத்தம் இந்த 'நீர்க்கட்டி' என்ற சொல்தான். கல்லூரிப் பெண்ணுக்கு மாதவிலக்குத் தள்ளிப்போனால் நீர்க்கட்டி. மாதாமாதம் வந்து தானே கரைகிற கட்டியும் நீர்க்கட்டி. அறுபது வயதில் தடுப்புச் சுவரும் உள்ளே சதைமொட்டும் வைத்து வளர்கிற கட்டிக்கும் அதே பெயர். "எங்க மதினிக்கும் இருந்துச்சு, கரைஞ்சிட்டு" என்று வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். படத்தில் இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. ஓரம் வழவழப்பா, உள்ளே சதை இருக்கிறதா, அந்தச் சதைக்குள் இரத்தம் ஓடுகிறதா, வயிற்றில் தண்ணீர் கோத்திருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்க 2008-லிருந்து உலகம் முழுதும் புழங்கும் பத்து அடையாளங்கள் இருக்கின்றன. ஐந்து நல்லதற்கு, ஐந்து கெட்டதற்கு.

கெட்டது பெரும்பாலும் 'கேஸ் டிரபிள்' என்ற வேஷத்தில் வரும். நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும், உப்புசம், பாவாடை நாடா எட்டாது. ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, பிறகு மாத்திரை என்று மூன்று மாதம் ஓடும். ஸ்கேனில் புரோபை வைத்தால் வயிறு முழுக்கத் தண்ணீர். குடலுக்கு முன்னால் திரைபோலத் தொங்கும் கொழுப்புச் சவ்வு கெட்டியாகி அடைபோல் தடித்திருக்கும். அதற்குப் பிறகு சி.டி.யில் ஈரல் மேல்புறமும் உதரவிதானத்தின் அடியும் பார்த்து, எங்கெல்லாம் விதை விழுந்திருக்கிறது என்று அறுவை மருத்துவருக்கு வரைபடம் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் எடுக்க முடியுமா, மருந்து கொடுத்துச் சுருக்கிவிட்டு எடுப்பதா என்பது அந்தப் படத்தை வைத்துத்தான் முடிவாகும்.

"அப்போ வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துக்கிட்டா முன்னாடியே தெரிஞ்சிடும்ல?" என்று படித்தவர்கள் கேட்பார்கள். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களை வைத்து அதைச் சோதித்துவிட்டார்கள். சிலருக்கு வருஷந்தோறும் ஸ்கேன், சிலருக்கு இரத்தப் பரிசோதனை, சிலருக்கு ஒன்றும் இல்லை. 2021-இல் முடிவு வந்தது: சினைப்பைப் புற்றால் இறந்தவர்கள் எண்ணிக்கையில் மூன்று கூட்டத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆகவே தொந்தரவு இல்லாதவருக்கு 'பேக்கேஜ்' ஸ்கேன் எழுதினால் டாக்டரம்மா காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுவார். தொந்தரவு இரண்டு மூன்று வாரம் நீடித்தால் அன்றைக்கே பார்ப்பார்.

புற்று என்று தெரிந்த பிறகுதான் ஸ்கேன்காரரின் முழு வேலையும் ஆரம்பிக்கிறது. எவ்வளவு தூரம் போயிருக்கிறது? கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு நிலை குறிக்கும் வழக்கம் 1929-லிருந்தே இருக்கிறது. ஆனால் 2018 வரை அதைக் கைவிரலால் தொட்டுப் பார்த்தே குறித்தார்கள். எக்ஸ்ரேயும் சிறுநீரகப் படமும் சேர்த்தி, சி.டி., எம்.ஆர்.ஐ. சேர்த்தி கிடையாது. காரணம் நியாயமானதுதான்: இந்த நோய் அதிகம் ஏழை நாடுகளில், அங்கே மெஷின் இல்லை, எல்லா ஊருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். அதன் விளைவு, இடுப்புக்குள் கணுக்கள் கோலிக்குண்டாக வீங்கியிருப்பதை சி.டி.யில் கண்ணால் பார்த்தாலும் நிலை எழுதும் கட்டத்தில் அதற்கு இடம் இருக்காது. 2018-இல் ஃபிகோ என்ற உலக மகளிர் மருத்துவர் கூட்டமைப்பு அதை மாற்றியது. கணு இருந்தால் 3சி. இடுப்புக்குள் என்றால் 3சி1, பெருந்தமனி ஓரமாக மேலே ஏறியிருந்தால் 3சி2. படத்தை வைத்துச் சொன்னதா, சதையை வைத்துச் சொன்னதா என்பதற்குத் தனி எழுத்துக்குறியும் உண்டு. "இருபது வருஷம் கழிச்சு நாங்க பாத்ததுக்குக் கணக்கு வந்தது" என்கிறார் டாக்டரம்மா.

பழைய விதியிலும் படத்துக்கு ஓர் இடம் இருந்தது: சிறுநீரகம். வாயிலிருந்து பக்கவாட்டில் படரும் புற்று, அருகில் ஓடும் சிறுநீர்க் குழாயை நெரிக்கும். மேலே சிறுநீரகம் வீங்கும். அது ஒன்று தெரிந்தாலே நிலை 3பி. பொட்டல்புதூர்ப் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் பெண் ஒருவர் வந்தார். நாள் முழுக்கச் சம்மணம் போட்டு, மடியில் சொளகை வைத்துக்கொண்டு குனிந்து சுற்றுகிற வேலை. "பீடி சுத்துனா இடுப்பு வலிக்கத்தான செய்யும்" என்று அவரே தீர்ப்புச் சொல்லியிருந்தார். சுற்றுவட்டாரமே அந்தத் தீர்ப்பை ஒத்துக்கொண்டது. சீட்டில் 'அடிவயிறு மட்டும்' என்று இருந்தது. டாக்டரம்மாவின் கை பழக்கத்தில் விலாவுக்குப் போனது. இடது சிறுநீரகம் முழுக்கத் தண்ணீர். சதை வெறும் தோலாக மெலிந்திருந்தது. வலதும் வீங்கத் தொடங்கியிருந்தது. குழாய் வைத்து வலதைக் காப்பாற்றிய பிறகே கதிர்வீச்சும் மருந்தும் கொடுக்க முடிந்தது. கதிர்வீச்சோடு வாரந்தோறும் கொடுக்கிற சிஸ்பிளாட்டின் மருந்துக்குச் சிறுநீரகம் வேலை செய்தாக வேண்டும். இப்போது அந்த மையத்தில் யாருக்கு எந்த ஸ்கேன் எழுதியிருந்தாலும் இரண்டு சிறுநீரகமும் பார்த்துவிட்டுத்தான் ஜெல்லைத் துடைப்பார்கள். அதற்குத் தனிக் காசு இல்லை.

எம்.ஆர்.ஐ. ஊருக்கு வந்தபோது முதல் சிக்கல் தாலிக்கொடி. பொன் காந்தத்தில் ஒட்டாது. கொடியில் கொத்தாகத் தொங்கும் ஊக்குகள் பாயும். நம் பெண்களுக்குத் தாலிக்கொடிதான் ஊக்குப் பெட்டி. நோயின் பெயரைக் கேட்டுக் கலங்கி வந்திருப்பவரிடம் தாலியைக் கழற்றச் சொல்வது எப்படி? ஒரு பெண் படம் வேண்டாம் என்று எழுந்தே போய்விட்டார். மறுநாளே டெக்னீஷியன் ஒரு மஞ்சள் கயிற்றுக் கண்டும் கைப்பிடி விரலி மஞ்சளும் வாங்கி அலமாரியில் வைத்தார். கொடியைக் கழற்றும் முன் மஞ்சள் கட்டிய கயிறு கழுத்தில் ஏறிவிடும். மெஷினை விற்ற கம்பெனிக்காரர்கள் கொடுத்த கையேட்டில் இதெல்லாம் இல்லை.

அந்தப் படத்தில் கர்ப்பப்பை வாயைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் நடுவில் வெளிச்சம், சுற்றிலும் ஒரு கறுப்பு வளையம். இறுகிய நார்த்தசை அப்படித் தெரியும். புற்று சாம்பல் நிறம். சாம்பல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கறுப்பு வளையம் முழுதாக இருந்தால் புற்று பக்கத்துத் திசுவுக்குத் தாண்டவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். 4 சென்டிமீட்டருக்குள் இருந்தால் அறுவைக்குப் போகலாம். வளையம் உடைந்து சாம்பல் வெளியே வழிந்திருந்தால் அறுவை கிடையாது, கதிர்வீச்சு. ஒரு பெண்ணின் அடுத்த ஆறு மாதம் இந்த ஒரு வளையத்தில் நிற்கிறது.

வாழைத்தண்டை நேராக நறுக்கினால் வட்டம் வட்டமாக வரும், கத்தி சாய்ந்தால் கோணலாக வரும், ஒரு பக்கத்து நார் பிய்ந்த மாதிரி தெரியும். கர்ப்பப்பை வாய் உடம்புக்குள் நேராக நிற்பதில்லை. ஆளுக்கு ஆள் சாய்மானம் வேறு. அதன் அச்சுக்குச் செங்குத்தாகப் படத்தின் கோணத்தைத் திருப்பி வைக்காவிட்டால், முழு வளையம்கூட உடைந்ததுபோல் காட்டும்.

ஐந்தருவிக்குப் போகும் வழியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கும் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் ஆயிற்று. சித்திரையிலேயே இரத்தம் பட்டிருக்கிறது. "சீசன்ல கடையைப் போட்டுட்டு எங்க போக?" புரட்டாசியில்தான் வந்தார். சதைப் பரிசோதனையில் புற்று. எம்.ஆர்.ஐ. எடுத்தபோது கூட்டம், அவசரத்தில் கோணத்தைச் சரிசெய்யாமல் எடுத்துவிட்டார்கள். வலதுபுறம் வளையம் உடைந்து தெரிந்தது. ரிப்போர்ட் பாதி தட்டெழுத்தாகிவிட்டது. டாக்டரம்மாவுக்கு அந்த உடைசலின் ஓரம் பிடிக்கவில்லை. புற்று தாண்டினால் முண்டு முண்டாகத் துருத்தும், இது தேய்ந்தாற்போல மங்கியிருந்தது. பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டவரை போன் போட்டுத் திரும்ப வரவழைத்து, சாய்மானத்தை அளந்து, அந்த ஒரு கோணத்தை மட்டும் மறுபடி எடுத்தார்கள். ஐந்தே நிமிஷம். வளையம் சுற்றிலும் முழுசாக இருந்தது. புற்று 3.4 சென்டிமீட்டர், கணு இல்லை. 1பி2.

படங்கள் அடங்கிய கவரோடு அவர் மலையேறினார். தென்காசிக்காரர்களுக்குப் புற்று என்றால் ஒன்று ஐம்பது சொச்சம் கிலோமீட்டர் கிழக்கே திருநெல்வேலி, இல்லை நூறு சொச்சம் கிலோமீட்டர் மேற்கே ஆரியங்காவு தாண்டித் திருவனந்தபுரம். 1981-இல் தொடங்கிய அங்குள்ள வட்டாரப் புற்றுநோய் மையத்துக்கு விடிகாலைப் பேருந்தில் போகிறவர்களைச் செங்கோட்டையில் மடியில் இருக்கிற நீளமான எக்ஸ்ரே கவரை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். அடுத்த சீசனில் அவர் கடை போட்டார். சாமான் தூக்கத் தம்பி மகனை வைத்துக்கொண்டார், அவ்வளவுதான் மாற்றம்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்று பிள்ளைகள் ஸ்கேன் அறைக் கதவடியில் மறித்துக் கேட்பது மட்டும் இத்தனை வருஷத்தில் குறையவில்லை. முன்பெல்லாம் டாக்டரம்மா தலையாட்டிவிடுவார். இப்போது, "அம்மா கேட்டா பொய் சொல்ல மாட்டேன். கேக்கலைன்னா நானா சொல்ல மாட்டேன்" என்கிறார். பெரும்பாலும் அம்மாக்கள் கேட்டுவிடுகிறார்கள்.

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம் என்ற பலகையை 1994-ஆம் வருஷத்துச் சட்டப்படி எல்லா ஸ்கேன் மையமும் மாட்டியாக வேண்டும். இந்த மையத்தில் அதற்குக் கீழே இன்னொரு பலகை தொங்குகிறது. சட்டம் கேட்காதது, டாக்டரம்மாவே எழுதி மாட்டியது. மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும், கணவரோடு சேர்ந்த பின் இரத்தம் பட்டாலும், ஸ்கேனுக்கு முன் மகளிர் மருத்துவரிடம் போய் வாருங்கள் என்கிறது அது. படித்துவிட்டு, ஸ்கேன் எடுக்காமல் எழுந்துபோனவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் பார்க்கும் தம்பிக்கு அதில் மனத்தாங்கல்தான். முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு அந்தக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் காசில்லாமல் செய்கிறார்கள். தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருக்கவும் வேண்டாம்.